வாரம் ஏழு நாளும் காற்பந்து, சேர்ந்து சாப்பிட ஒருவேளை இல்லை

வாசகர் கேள்வி: விளையாட்டு மருத்துவர் பதில்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு வயது 11, தொடக்கநிலை 5. பள்ளியில் காற்பந்துதான் இணைப்பாட நடவடிக்கை. திங்கள், புதன் பிற்பகல்களில் இரண்டிரண்டு மணி நேரம். செவ்வாய், வியாழன், வெள்ளி இரவு 7 முதல் 8.30 வரை ஒரு தனியார் பயிற்சிக்கூடம். சனிக்கிழமை ஆட்டம். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தனிப் பயிற்சி. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. அதனால் 8 வயது மகளையும் இழுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் போய்வருவது அம்மாதான். இப்போது பயிற்றுவிப்பாளர், மகனை ‘மேல்நிலை அணி’யில் சேர்க்கச் சொல்கிறார். திங்கள், புதன் இரவுகளிலும் வர வேண்டுமாம். ‘இது இல்லாமல் அடுத்த ஆண்டு நேரடிப் பள்ளிச் சேர்க்கை கிடைக்காது’ என்றும் சொல்லியிருக்கிறார். விளையாட்டு போன்ற திறனை வைத்து உயர்நிலைப் பள்ளியில் முன்கூட்டியே இடம் பெறும் வழி அது. கணவருக்குச் சம்மதம். மகனுக்கோ ஒரு மாதமாகக் குதிகால் வலி. பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி என்கிறான். நடிக்கிறான் என்கிறார் அப்பா. “நிறுத்தினால் அவன் எதிர்காலத்தை நானே கெடுத்தவளாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இப்படியே போனால் வீடு வீடாக இருக்காது” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். வயிற்று வலி செவ்வாய், வியாழன், வெள்ளியில் மட்டுமே வருகிறது. பள்ளிப் பயிற்சி நடக்கும் திங்கள், புதனில் வருவதில்லை என்பது ஒன்று. மின்னல் எச்சரிக்கையால் பயிற்சி ரத்தாகி, பிறகு வானம் வெளுத்த ஒரு மாலையில், அவன் தங்கையோடு அடுக்குமாடி புளோக் கீழே பந்து உதைத்துக்கொண்டிருந்தான், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை என்பது இன்னொன்று. இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அவனுக்குப் பந்து இன்னும் பிடிக்கிறது. பிடிக்காமல் போயிருப்பவை அந்த மூன்று இரவுகள்.

ஆகவே நிறுத்துவதா தொடர்வதா என்று உங்கள் வீட்டில் நடக்கும் வழக்கைத் தள்ளிவையுங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள் என்று பேச ஆரம்பித்தால் கணவரோடும் ஒத்துப்போக வழி இருக்கும்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பள்ளியில் 4 மணி நேரம், பயிற்சிக்கூடத்தில் 4.5, சனிக்கிழமை ஆட்டத்துக்கு 2, ஞாயிறு 1. மொத்தம் 11.5. மேல்நிலை அணியில் சேர்ந்தால் 14.5. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்குமேல் ஒழுங்கமைத்த பயிற்சி கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நாங்கள் பரவலாகப் பயன்படுத்தும் வரம்பு. அதைத் தாண்டிய பிள்ளைகளிடம், எலும்பும் தசைநாரும் ஓய்வின்றி உழைப்பதால் வரும் காயங்கள் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. உங்கள் மகன் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் வாரத்தில் குறைந்தது ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்கிறது. ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்கவும் சொல்கிறது. உங்கள் மகனின் அட்டவணையில் ஓய்வு நாள் என்று ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது கணக்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. ஒரு வழிப் பயணம் 50 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாள் போய்வரப் பயணத்துக்கு மட்டும் 6 மணி 40 நிமிடம். வார நாள்களில் திடலோரம் காத்திருப்பது 4.5 மணி நேரம், சனிக்கிழமை 2. ஆக, உங்கள் மகள் பந்தையே தொடாமல் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்குமேல் காற்பந்துக்குக் கொடுக்கிறாள். திடல் விளக்கின் கீழ், கொசு விரட்டி ஒட்டியை உடையில் ஒட்டிக்கொண்டு, மடியில் எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தை வைத்து எழுதுகிறாள் என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அண்ணன் ஆடும் நேரத்தைவிட அவளுடைய மணி நேரம்தான் அதிகம்.

மூன்றாவது, தூக்கம். 8.30க்கு முடிந்து, 9.20க்கு வீடு, குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம், படுக்க மணி 11. காலை 5.50க்கு எழுப்புகிறீர்கள். ஏழு மணி நேரம்கூட இல்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்ம வயது விளையாட்டாளர்களைக் கவனித்த 2014ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரியாக 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் காயமடையும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. கூடுதல் பயிற்சி கொடுத்துத் தூக்கத்தைக் கழித்தால், பயிற்சியின் பலனில் ஒரு பகுதி வீணாகத்தான் போகும்.

குதிகால் வலி

இரண்டு குதிகாலும் வலிக்கிறது, ஓடும்போது கூடுகிறது, காலையில் எழுந்ததும் சில நிமிடம் நொண்டுகிறான், உட்கார்ந்தால் குறைகிறது என்கிறீர்கள். 8 முதல் 14 வயதுக்குள் ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும் ‘சீவர்ஸ்’ என்ற நிலையோடு இது பொருந்துகிறது. குதிகால் எலும்பின் பின்பகுதியில் வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கிறது. அது இன்னும் முழு எலும்பாக இறுகவில்லை. உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ள, கெண்டைத் தசை பின்தங்கி இறுகுகிறது. அந்தத் தசையின் நார் ஒவ்வோர் ஓட்டத்திலும் தட்டைப் பிடித்து இழுக்கிறது. செயற்கைப் புல்லில், மெல்லிய அடிப்பாகமும் முள்ளும் உள்ள காலணியோடு ஓடும்போது அடி நேராகக் குதிகாலில் விழுகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். குதிகாலின் இரு பக்கங்களையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாக அழுத்துங்கள். ‘ஆ’ என்று காலை இழுத்தால் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் ஒருமுறை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி உறுதிசெய்துகொள்வது நல்லது. பல நேரம் எக்ஸ்ரே தேவைப்படாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஓடாத நாளிலும் வலி: இவற்றில் எது இருந்தாலும் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம்.

வலியைத் தாங்கிக்கொண்டு ஆடினால் கால் ‘பழகிவிடும்’ என்று பயிற்றுவிப்பாளர் சொன்னாராம். பழகாது. நல்ல செய்தி என்னவென்றால் இதனால் நிரந்தரப் பாதிப்பு வருவதில்லை. ஓட்டத்தைக் குறைத்தால் பொதுவாகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அடங்கும். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஆடும்போது 2 அல்லது அதற்குக் கீழ், மறுநாள் காலையில் வலி இல்லை என்றால் அந்த அளவு தாங்குகிறது. 3ஐத் தாண்டினாலோ நொண்டினாலோ அன்றைக்கு வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு காலணியிலும் குதிகால் மெத்தை வையுங்கள். ஒற்றைக் காலில் மட்டும் வைத்தால் இடுப்பு சாயும். கெண்டைத் தசையை நீட்டும் பயிற்சி: சுவரைப் பிடித்து ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையில் பதிய, 30 விநாடி. காலுக்கு மூன்று முறை, காலையும் மாலையும். குலுக்காமல், துள்ளாமல் செய்ய வேண்டும். ஆட்டத்துக்குப் பிறகு துணியில் சுற்றிய பனிக்கட்டி, 10 முதல் 15 நிமிடம்.

கதவு நிலையில் பென்சிலால் மாதம் ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். மாதத்துக்கு 0.6 செ.மீ.க்குமேல் ஏறினால் அந்த மாதங்களில் பயிற்சியைக் கூட்டாதீர்கள். தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் எது எந்த மாதக் கோடு என்று பிறகு தெரியாது.

வயிற்று வலி நடிப்பா?

உங்கள் கணவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பதற்றத்தில் வரும் வயிற்று வலி உண்மையாகவே வலிக்கும். மனம் இறுகும்போது குடல் பிடிக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேறு சொல் கிடைப்பதில்லை, ‘வயிறு வலிக்குது’ என்கிறார்கள். அவனுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பள்ளி விட்டு வந்து பிஸ்கெட்டும் மைலோவும் மட்டும் குடித்துவிட்டு 6.10க்குக் கிளம்புகிறான். 9.30க்கு உணவங்காடி நிலையத்தில் வாங்கிவந்த புரோட்டா. பசிக்கும் பயத்துக்கும் ஒரே வயிறு.

எதிரே உட்கார்த்தி விசாரிக்க வேண்டாம். நடந்து போகும்போது, அல்லது அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். “போகப் பிடிக்கலையா?” என்றால் “இல்லை, பிடிக்கும்” என்று முடித்துவிடுவான். “அங்கே எந்த நேரம் ரொம்ப நீளமா இருக்கு?” என்று கேட்டால் பேசுவான். களைப்பா, பெரிய பையன்களோடு ஆட வைக்கிறார்களா, உட்காரவைக்கிறார்களா, கத்துகிறார்களா என்று தெரிந்துவிடும். அவமானப்படுத்தும் பேச்சு, தண்டனையாக ஓடவைத்தல், தொடுதல் என்று ஏதேனும் வந்தால் தேதியோடு எழுதிவைத்து, பயிற்சிக்கூட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அரசு விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரின் ‘சேஃப் ஸ்போர்ட்’ பிரிவிடமும் புகார் செய்யலாம். பயிற்றுவிப்பாளர் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் இருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலி இரவில் எழுப்பினால், எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள், அது வேறு.

நேரடிப் பள்ளிச் சேர்க்கை: சொன்னதும் சொல்லாததும்

பயிற்றுவிப்பாளர் சொன்னதில் மூன்று திருத்தங்கள் தேவை. விண்ணப்பம் தொடக்கநிலை 6இல், வழக்கமாக மே மாதத்தில் திறக்கும். கல்வி அமைச்சின் தளத்தில் கட்டணமில்லாமல் மூன்று விருப்பங்கள்வரை கொடுக்கலாம். தேர்வுசெய்வது உயர்நிலைப் பள்ளி. அது தானே தேர்வு ஆட்டமும் நேர்காணலும் நடத்துகிறது. எந்தத் தனியார் கூடத்தின் மேல்நிலை அணியிலும் இருந்தாக வேண்டும் என்ற விதி இல்லை.

இந்த வழியில் இடம் கிடைத்தாலும் தொடக்கநிலை 6 இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுத வேண்டும். அந்தப் பள்ளி ஏற்கும் சேர்க்கைக் குழுவுக்குத் தகுதி பெற வேண்டும். மொத்த மதிப்பீட்டில் எண் குறைவாக இருந்தால்தான் நல்லது: 4 முதல் 20 என்றால் குழு 3. 21, 22 என்றால் குழு 2 அல்லது 3. காற்பந்துக்காகக் கணிதத்தைக் கைவிட்டு, கடைசியில் அந்தக் குழுவுக்குள் வராமல் போனால் இரண்டும் கையை விட்டுப் போகும்.

மூன்றாவதைத்தான் பெற்றோர் கவனிப்பதில்லை. உறுதியான இடத்தை ஏற்றுக்கொண்ட பிள்ளை, முடிவுகள் வந்தபின் வழக்கமான உயர்நிலை 1 சேர்க்கையில் வேறு பள்ளி கேட்க முடியாது, மாறவும் முடியாது. அந்தப் பள்ளியில் அந்த விளையாட்டைத் தொடர்வதாகவும் ஒப்புக்கொள்கிறான். பதினொரு வயதில் வயிற்று வலியோடு அந்த வாசலுக்குப் போகிறவனை, பதினாறு வயதுவரை அதே விளையாட்டுக்குக் கட்டிப்போடுகிறோமா என்று கணவரிடம் கேளுங்கள். அவன் விருப்பத்தோடு போனால் இது அருமையான வழி. அந்த விருப்பம் அடுத்த மே மாதம்வரை உயிரோடு இருக்கத்தான் இந்தக் குறைப்பு.

கணவருக்குச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி பெரேரா இருக்கிறார். 2015இல் சொந்த மண்ணில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் 200 மீட்டர் தங்கம். அடுத்த தங்கம் 2022இல், ஹனோயில்தான். நடுவில் காயங்களும் ஏமாற்றங்களும். 2023இல் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கம்.

எட்டு வாரத்துக்கு ஒரு புதிய வாரம்

திங்கள், புதன் பள்ளிப் பயிற்சி இருக்கட்டும். நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள், பயணமும் இல்லை. பயிற்சிக்கூடத்தில் வியாழன் ஒரு நாள், சனிக்கிழமை ஆட்டம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தனிப் பயிற்சி மூன்றையும் நிறுத்துங்கள். மொத்தம் 7.5 மணி நேரம். முதல் மூன்று நான்கு வாரம், குதிகால் அடங்கும்வரை, வியாழனுக்குப் பதில் ஆக்டிவ்எஸ்ஜி பொது நீச்சல் குளம், தங்கையும் இறங்கலாம். மேல்நிலை அணி வேண்டாம். பயிற்றுவிப்பாளருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: “மகனுக்குக் குதிகாலில் வளர்ச்சித் தட்டு வலி. வலி அடங்கும்வரை சனி மட்டும், பிறகு எட்டு வாரம் முடியும்வரை வியாழனும் சனியும் வருவான். வலி கூடினால் நடுவில் வெளியே வந்துவிடுவான். பிறகு பேசுவோம்.” இவ்வளவு போதும். இதற்குப் பதிலாக அவனை ஒதுக்கிவைத்தால், அந்தக் கூடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது.

வியாழனன்று இரவுச் சாப்பாட்டை மாலை 5 மணிக்குக் கொண்டுவாருங்கள். சோறும் பருப்பும் முட்டையும், காலையிலேயே ஆக்கி வைத்தது. திரும்பியதும் இரண்டு இட்லி, ஒரு குவளைப் பால், தூக்கம். திடலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலிட்டர் தண்ணீர். ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்குப் பாட்டில் பானம் தேவையில்லை.

இந்தத் திட்டம் எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். காலியான செவ்வாயும் வெள்ளியும் இரண்டே வாரத்தில் துணைப்பாட வகுப்பாகிவிடும். நம் ஊரில் வெற்று மாலை என்று ஒன்று நிலைப்பதே இல்லை! நாள்காட்டியில் ‘வீடு’ என்று எழுதி அடைத்துவையுங்கள். அடுத்தது, வலி போனதும் பழைய அட்டவணைக்கு ஒரே தாவாகத் தாவுவது. கூட்டுவதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு பயிற்சி, அவ்வளவுதான். வாரத்துக்கு 11 மணி நேரத்தைத் தொட வேண்டாம். ஆண்டிறுதி விடுமுறையில் நான்கு வாரமாவது தொடர்ந்து காற்பந்து இல்லை என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். விடுமுறை முகாம் விளம்பரம் வருவதற்கு முன்பு.

ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸில் பாட்டி வீட்டுக்குப் போவது நின்றுபோனது என்று வருந்தியிருக்கிறீர்கள். அதை மீட்டெடுங்கள். அவன் தமிழில் நீளமாகப் பேசுவது பாட்டியோடு மட்டும்தான் என்கிறீர்கள். பிஎஸ்எல்இ தாய்மொழித் தேர்வில் வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் சேர்த்து 35 விழுக்காடு. பாட்டி வீட்டு அரட்டையை டியூஷன் என்று சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அப்பா, பணம், தங்கை

கணவர் ஆட்டம் முடிந்ததும் தொலைபேசியில் “எத்தனை கோல்?” என்று கேட்பது அன்பில்தான். ஆனால் தோற்ற நாளில் அந்த ஒரு கேள்வி எம்ஆர்டி பயணம் முழுவதும் அவன் மடியில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிடும்வரை ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் மட்டும் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, ஒரு செவ்வாய் மாலையாவது அவரே பிள்ளைகளோடு புளோக் கீழே பந்து உதைப்பது. அதற்கு ஷிஃப்ட் இடம் தரவேண்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டியின்படி, தகுதிகாண் காலம் முடிந்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் தொழில் சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்பதில்லை. கேட்காமலே இருப்பதற்குக் கேட்டுப் பார்க்கலாம். மகள் சிங்கப்பூர்க் குடிமகள் என்பதால், தகுதி இருந்தால், கடைக்குட்டிக்கு 12 வயது ஆகும்வரை உங்கள் இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 2 நாள் நீட்டிக்கப்பட்ட பிள்ளைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு.

பயிற்சிக்கூடத்துக்கு ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் போய்விடுமே என்று வலிக்கிற காலை ஓடவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் மருத்துவக் காரணத்துக்கு இடைநிறுத்தம், முன்னறிவிப்புக் காலம் என்ற பகுதிகளைப் படியுங்கள். மருத்துவர் கடிதத்தோடு மின்னஞ்சலில் கேளுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம். ஒப்பந்தப்படி தர வேண்டியதைத் தர மறுத்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளிவரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல்.

கடைசியாக, பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள்: தங்கையும் ஏங்குகிறாள், அவளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்துவிடலாமா என்று. இந்த எட்டு வாரத்தில் வேண்டாம். முதலில் அவளுக்கு அந்த 13 மணி நேரத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கட்டும். பிறகு அவளிடமே கேளுங்கள். எதைச் சொல்கிறாளோ அதில் ஒரே ஒரு வகுப்பு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில். அன்றைக்கு அண்ணன் வெளியே உட்கார்ந்து காத்திருக்கட்டும்.